கால் பங்கு

கணக்கு என் கைக்கு வந்தது
நான் தபால் நிலையத்தில் இருந்தவள் என்பதால்.
சில்லறையில் பிசகமாட்டாள் என்று
கிளேர் மாவட்டத்தின் மேற்குக் கரையில்
பதினாறு பேர் நம்பினார்கள்.
பதினாறு பேரும் வாசிப்பவர்கள்.
ஒருவருக்கும் ரசீது வாங்கும் பழக்கம் இல்லை.

பால் லாரி ஓட்டும் பாக்கி, புல்லாங்குழல்.
இரவுப்பணி முடிந்து சீருடையோடே வந்துவிடும்
டெர்வ்லா, ஃபிடில்.
ஒரு வேலித் தகராறில் பேச்சை நிறுத்திய
ஹெஹிர் சகோதரிகள்
இரண்டு கான்செர்டினாவோடு, இரண்டு காரில்.
வாசிக்கும்போது மட்டும்
ஒருத்தி மூச்சு விடுகிற இடத்தில்
மற்றவள் நுழைந்துகொண்டாள்.

கலை மன்றத்து விண்ணப்பம் பத்தொன்பது பக்கம்.
‘இத்திட்டத்தால் விளையும் அளக்கத்தக்க பயன் யாது?’
நான்கு நாள் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு எழுதினேன்:
எழுபது நிமிடம்.
கேட்டதில் பாதி கிடைத்தது.

மீதிக்குக் குலுக்கல் வைத்தோம்.
பரிசு, ஒரு டிரெய்லர் நிறையக் கரிமண் கட்டி.
விழுந்ததோ எரிவாயு அடுப்பு வைத்திருக்கும் பாதிரியாருக்கு.
திருப்பித் தந்தார். மறுபடி குலுக்கினோம்.
பாஸ்டனிலிருந்து முன்பணமாய் ஒரு காசோலை;
‘எழுத்தால்’ என்ற கோட்டில்
தொகைக்குப் பதில் தனக்கு வேண்டிய மெட்டின் பெயர்.
வங்கி ஏற்கவில்லை.
நாங்கள் ஏற்றோம். ஆறாவது தடம்.

அப்படியும் துண்டு விழுந்தது.

மலாக்கி கான்சிடைன்,
மாட்டு மருந்துக் கடைக்காரர்,
ஒரு காகிதப் பையை என் மேசையில் வைத்தார்.
மொத்தச் செலவில் கால் பங்கு.
அவரிடம் ஓர் அக்கார்டியன் உண்டு.
அதை அறியாதவர் ஊரில் இல்லை,
இன்னொரு முறை கேட்க விரும்பியவரும் இல்லை.
அவர் எதுவும் கேட்கவில்லை.
நானும் எதுவும் சொல்லவில்லை.
நோட்டை எண்ணினேன். சரியாக இருந்தது.

ஒலிப்பதிவு, விளையாட்டு மன்றத்துச் சமையலறையில்.
குளிர்பெட்டி முனகுகிறதென்று டியர்னன் அதை அணைத்தான்,
திரும்பப் போட மறந்தான்.
பன்னிரண்டு கிலோ மீன், செலவுக் கணக்கில்.
வாசம் போக ஒரு வாரம் ஆனது,
அது கணக்கில் இல்லை.

ஒவ்வொரு மாலையும் மலாக்கி வருவார்,
நல்ல கோட்டு, பெட்டிக்குள் வாத்தியம்.
கதவோரம் உட்காருவார்.
பெட்டி திறக்காது.
நாங்கள் எல்லோரும் அதைப் பார்க்காமல் இருப்பதில்
தேர்ந்துவிட்டோம்.

ஒன்பதாவது தடம்.
இரண்டு நாள் தூங்காத டெர்வ்லா
மெட்டைக் கட்டவிழ்த்துவிட்டாள்.
அது சரிவில் சைக்கிள் மாதிரி
அவளையும் மீறி ஓடப் பார்த்தது.
அப்போது கதவோரத்திலிருந்து
ஒரு பூட்ஸ்.
தரையில் ஓர் அடி, இன்னோர் அடி,
ஓடுகிற ஒன்றின் சட்டையைப் பிடித்து
நிறுத்தாமல், கூடவே நடந்து வருகிற அடி.

‘சுத்தமாக இன்னொன்று எடுப்போம்’ என்றான் டியர்னன்.
மூன்று எடுத்தோம்.
மூன்றும் சுத்தம்.
கழுவிக் கவிழ்த்த தட்டுகள்.
முதலாவதை வைத்துக்கொண்டோம்.

உறையில் இப்படி அச்சானது:
ஃபிடில், டெர்வ்லா லில்லிஸ்.
கால், மலாக்கி கான்சிடைன்.

வெளியீட்டன்று அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு
அந்த வரியை இரண்டு முறை படித்தார்.
‘கைக்காசு போட்டவன் நான்.
காலுக்குத்தான் இடமா?’
தருவதாகச் சொன்ன ஐந்து பிரதிகளையும்
எடுக்காமல் போனார்.
அவர் கேட்டது நியாயம்.
அந்தத் தடத்தைப் போட்டுக் கேட்டால்
நாங்கள் செய்ததும் நியாயம்.
இரண்டையும் ஒரே பத்தியில் எழுத
என் பேரேட்டில் வழியில்லை.

விற்காத பெட்டிகள் ஏழு, என் கட்டிலடியில்.
டிசம்பரில் ஒரு தபால் வந்தது.
கடை முத்திரை, தேதி, கையொப்பம், எல்லாம் முறைப்படி:
‘பூட்ஸுக்கு அடித்தோல் மாற்றிய வகையில்
பதினெட்டு யூரோ.’

கொடுத்துவிட்டேன்.
மொத்தக் கணக்கிலும்
ரசீது உள்ள செலவு இது ஒன்றுதான்.